பூட்டுக்கு உடையவர் யார்? லினக்ஸ் திரைப்பூட்டுச் சிக்கல்கள் குறித்து

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் திரைப்பூட்டு பற்றி எழும் புகார்களைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு வகைதான் தேறும். பூட்ட வேண்டிய நேரத்தில் பூட்டவில்லை என்பது ஒன்று; திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை என்பது மற்றொன்று. மடிக்கணினியின் மூடியைத் திறந்ததும், பூட்டுத் திரை வருவதற்கு முன்னால் ஒரு நொடி பழைய டெஸ்க்டாப் பளிச்சென்று தெரிகிறது. கைவைக்காமல் விட்டுப்போன கணினி விடியும்வரை பூட்டாமலே கிடக்கிறது. இன்னொரு பக்கம், சரியான கடவுச்சொல்லைத் தட்டினாலும் தவறு என்கிறது. அல்லது திரை கறுத்துப்போய் எதற்கும் அசைய மறுக்கிறது. தீர்வு தேடுபவர்கள் இவற்றை ஒவ்வொன்றும் தனித்தனி நோய் என்று எண்ணி, எங்கோ கண்ட ஒரு கட்டளையை இட்டுப் பார்த்து, அது பலிக்காவிட்டால் பூட்டையே அணைத்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டு வகைப் புகாருக்கும் வேர் ஒன்றே என்பதுதான் என் வாதம். 'இந்தத் திரை இப்போது பூட்டியிருக்கிறது' என்ற நிலைக்குப் பொறுப்பேற்க லினக்ஸ் டெஸ்க்டாப்பில் நெடுங்காலம் உடையவர் என்று யாரும் இருக்கவில்லை. பல நிரல்கள் ஆளுக்கொரு பங்கைச் செய்கின்றன. அவற்றில் ஒன்று தவறினால், பூட்டு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டி முடிவுசெய்து வைக்கவில்லை. பழுது பார்ப்பது இந்தப் பங்குகளைப் பிரித்தறிவதிலிருந்து தொடங்க வேண்டும்.

பங்குகள் நான்கு. பூட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று சொல்வது முதல் வேலை. சும்மா கிடந்த நேரத்தை அளக்கும் நிரலோ, மூடியை மூடியதை உணரும் லாகின்டி என்ற சேவையோ, பயனரின் விசை அழுத்தமோ இதைச் செய்யலாம். திரையை மறைத்து, கீபோர்டையும் மவுஸையும் தன் கைக்குள் வைத்துக்கொள்வது இரண்டாவது. கடவுச்சொல் சரிதானா என்று பார்ப்பது மூன்றாவது; இதைப் பெரும்பாலும் பூட்டு நிரல் தானே செய்வதில்லை, பிஏஎம் என்ற அடுக்கிடம் ஒப்படைக்கிறது. இந்த மூவரில் யாராவது செத்து விழுந்தால் திரையை மூடியே வைத்திருப்பது நான்காவது வேலை. முதல் மூன்றுக்கும் எப்போதும் ஆள் உண்டு. நான்காவதற்குத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. அதன் காரணத்தை எக்ஸ் சாளர முறையின் அமைப்பில் தேட வேண்டும்.

எக்ஸ் 1984-இல் எம்ஐடியில் பிறந்தது. இன்று புழங்கும் பதினோராம் பதிப்பு 1987-இல் வந்தது. அந்த நெறிமுறையில் 'பூட்டு' என்ற கருத்தே கிடையாது. திரையை வெறுமையாக்கும் ஏற்பாடு மட்டும் உண்டு. அது பழைய குழாய்த் திரைகள் தேய்ந்துபோகாமல் காப்பதற்காக வந்தது, அதற்கும் காவலுக்கும் சம்பந்தமில்லை. எனவே எக்ஸில் ஓடும் எந்தப் பூட்டு நிரலும் எக்ஸ் சர்வரின் கண்ணுக்கு இன்னொரு சாதாரண நிரல்தான். அது திரை முழுவதையும் மறைக்கும் ஒரு சாளரத்தைத் திறக்கிறது. கீபோர்டிலும் மவுஸிலும் வரும் எல்லாம் தனக்கே வர வேண்டும் என்று சர்வரிடம் கேட்டு வாங்குகிறது. இந்தப் பிடிக்கு கிராப் என்று பெயர். கடிகார நிரலுக்கும் பூட்டு நிரலுக்கும் சர்வர் எந்த வேறுபாடும் காட்டாது. ஒரு நிரல் இறந்தால் அதன் சாளரங்களை அழிப்பதும் அதன் பிடிகளை விடுவிப்பதும் சர்வரின் கடமை. கடிகாரம் இறந்தாலும் அதைத்தான் செய்யும், பூட்டு இறந்தாலும் அதைத்தான் செய்யும். ஆகவே எக்ஸில் பூட்டு நிரல் நொறுங்கினால் டெஸ்க்டாப் அப்படியே திறந்துகொள்கிறது. இதை வழு என்று சொல்ல முடியாது. நெறிமுறை எழுதியபடி நடக்கிறது, அவ்வளவுதான்.

பிடியை வாங்குவதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரே நேரத்தில் ஒரு நிரல்தான் பிடியை வைத்திருக்க முடியும். ஒரு மெனுவைத் திறந்து வைத்தால், வெளியே சொடுக்கினால் மெனு மூடிக்கொள்ள வேண்டும் என்பதற்காக அந்த நிரலும் ஒரு பிடியை வாங்கி வைத்திருக்கும். அந்த நிலையில் பயனர் எழுந்து போய்விட்டால், பத்து நிமிடம் கழித்து விழிக்கும் பூட்டு நிரல் பிடியைக் கேட்கிறது, சர்வர் இல்லை என்கிறது. பிடி கிடைக்காமல் திரையை மறைத்தால் தட்டுவதெல்லாம் அடியில் உள்ள நிரலுக்குப் போகும். எனவே சில நிரல்கள் சிறிது நேரம் முயன்றுவிட்டுப் பூட்டாமலே விலகுகின்றன. 'எப்போதாவது பூட்டுவதில்லை, காரணம் தெரியவில்லை' என்ற புகார்களில் கணிசமானவை இந்த வகை என்பது என் கணிப்பு. உபுண்டுவின் வழுப் பட்டியலில் இதே புகார் பல ஆண்டுகள் தீராமல் கிடந்தது. சோதிப்பது எளிது: வலது சொடுக்கு மெனு ஒன்றைத் திறந்தபடியே விட்டு, தானாகப் பூட்டும் நேரம்வரை காத்திருந்தால் போதும்.

நொறுங்கினால் திறந்துகொள்ளும் என்பது ஏட்டளவிலான அச்சம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு நிகழ்வுகளைக் காட்டலாம். 2012 ஜனவரியில் எக்ஸ் சர்வரின் 1.11 பதிப்பில் ஒரு ஓட்டை வெளிப்பட்டது. கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு எண்பலகையில் உள்ள பெருக்கல் குறியைத் தட்டினால் எந்தப் பூட்டும் விலகிப் போனது. நிரலாளர்கள் பிடி தொடர்பான வழுக்களை ஆராய்வதற்காக வைத்திருந்த வசதி அது: பிடித்துக்கொண்டு விடாத நிரலைத் தீர்த்துக்கட்டும் விசை. அது சர்வரில் மீண்டும் இடம்பெற்றபோது, கீபோர்டு வரைபடத்தில் அந்த விசைச் சேர்க்கை இயல்பாகவே இயங்கும் நிலையில் கிடந்தது யார் கவனத்துக்கும் வரவில்லை. அந்த விசைக்குப் பூட்டும் ஒன்றுதான், முரண்டு பிடிக்கும் மெனுவும் ஒன்றுதான். சர்வருக்குப் பூட்டு என்றால் என்னவென்று தெரிந்திருந்தால், இந்த ஒன்றை மட்டும் தொடாதே என்று விலக்கு வைத்திருக்க முடியும்.

இரண்டாவது நிகழ்வு இன்னும் நெருங்கிப் பார்க்கத்தக்கது. 2021 ஜனவரியில் லினக்ஸ் மின்ட் பயனர் ஒருவரின் வழு அறிக்கை பொதுவெளிக்கு வந்தது: பூட்டியிருந்த திரையின் முன் அவருடைய குழந்தைகள் இரண்டு பேர், கீபோர்டிலும் திரையில் தெரியும் மெய்நிகர் கீபோர்டிலும் கைக்கு வந்ததையெல்லாம் தட்டினார்கள், பூட்டு விலகி டெஸ்க்டாப் திறந்துகொண்டது. தேடிப் பார்த்தபோது குற்றவாளி ஓர் எழுத்து என்று தெரிந்தது. ரோமன் எழுத்து 'இ'யின் தலையில் நெடிற்கோடு போட்ட வடிவம் அது. தமிழின் 'ஏ'யை ரோமனில் எழுத ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அதே எழுத்து. அதை மெய்நிகர் கீபோர்டில் அழுத்தினால் அந்தக் கீபோர்டை வழங்கும் கரிபு என்ற நூலகம் நொறுங்கியது. முந்தைய மாதம் எக்ஸ் சர்வரில் ஒரு பாதுகாப்புக் குறையை அடைக்கச் செய்த திருத்தம், நூலகத்தில் ஒளிந்திருந்த இந்தப் பலவீனத்தை வெளியே இழுத்துப் போட்டது. நூலகம் மின்டின் சினமன் டெஸ்க்டாப்புக்கான பூட்டு நிரலுக்குள்ளேயே ஓடியதால் பூட்டும் கூடவே விழுந்தது. இங்கே மூன்று தரப்பு உண்டு. சர்வரைத் திருத்தியவர்கள் ஓர் ஓட்டையை அடைத்தார்கள், நூலகம் எழுதியவர்கள் பூட்டைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை, பூட்டு எழுதியவர்கள் கீபோர்டு இல்லாதவர்களும் கடவுச்சொல் தட்ட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் நூலகத்தைச் சேர்த்தார்கள். ஒருவரையும் அலட்சியக்காரர் என்று சொல்லிவிட முடியாது. நான்காவது வேலைக்கு ஆள் இல்லாத அமைப்பில் ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகச் செய்தாலும் கூட்டு விளைவு திறந்த கதவாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த அபாயத்தை நெடுங்காலமாக எடுத்துச் சொல்லிவந்தவர் ஜேமி ஜவின்ஸ்கி. 1992 முதல் எக்ஸ்ஸ்கிரீன்சேவர் நிரலை எழுதிப் பராமரித்து வருபவர். பூட்டும் நிரல் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். ஜன்னல் அலங்காரத்துக்கான பெரிய நூலகங்களை அதற்குள் இழுத்து வந்தால், அவற்றிலுள்ள ஒவ்வொரு வழுவும் பூட்டின் வழுவாகிவிடும் என்பது அவர் நிலை. அவருடைய கடவுச்சொல் பெட்டி பழைய தோற்றத்தில் இருப்பதைக் குறை சொன்னவர்கள் பலர். அந்தத் தோற்றத்துக்குப் பின்னால் இருந்த காரணத்தைக் கேட்டவர்கள் குறைவு. 2021-இல் வந்த ஆறாம் பதிப்பில் வேலையை மூன்று தனி நிரல்களாகப் பிரித்தார்: பிடியை வைத்திருப்பது ஒன்று, படம் காட்டுவது ஒன்று, கடவுச்சொல் கேட்பது ஒன்று. கடவுச்சொல் பெட்டி நொறுங்கினாலும் பிடி நழுவாது. கூகிளிலிருந்து வந்த எக்ஸ்செக்யூர்லாக்கும் இதே பாதையில் செல்கிறது. இவை மதிக்கத்தக்க பொறியியல். எக்ஸில் தொடர வேண்டியவர்கள் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்வது நல்லது என்றே சொல்வேன். ஆனாலும் பிடியை வைத்திருக்கும் அந்தச் சிறு நிரலும் சாகக்கூடியதுதான். நினைவகம் தீர்ந்துபோனால் கர்னல் ஏதாவது ஒரு நிரலைக் கொன்று இடம் பிடிக்கும். அந்தப் பலி பூட்டாக இருக்கலாம். இந்தக் கொலையைக் கையாலும் தூண்டலாம், சிஸ்ரிக் விசையோடு எஃப் தட்டுவதை விட்டுவைத்திருக்கும் கணினியில். சிறியதாக்குவது வாய்ப்பைக் குறைக்கும், அமைப்பை மாற்றாது.

மூடியைத் திறந்ததும் ஒரு நொடி டெஸ்க்டாப் தெரியும் சிக்கல் வேறு மாதிரி. இங்கே யாரும் சாவதில்லை. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஓடுகிறார்கள். கணினியைத் தூங்க வைக்கும் முன் லாகின்டி 'தூங்கப்போகிறேன்' என்று அறிவிக்கிறது. அதைக் கேட்டு டெஸ்க்டாப் பூட்டு நிரலைத் தொடங்குகிறது. பூட்டு நிரல் எழுந்து, பின்னணிப் படத்தை ஏற்றி, சாளரத்தை வரைவதற்குள் கணினி தூங்கிவிட்டால், மீதி வேலை விழித்த பிறகுதான் நடக்கும். அந்த இடைவெளியில்தான் பழைய காட்சி தெரிகிறது. இதற்காகவே லாகின்டியில் தாமதப் பூட்டு என்ற ஏற்பாடு இருக்கிறது: 'நான் சொல்லும்வரை தூங்காதே' என்று ஒரு நிரல் கேட்டு வைக்கலாம், இயல்பான அமைப்பில் லாகின்டி அதற்கு 5 நொடி வரை பொறுக்கும், பிறகு பொறுக்காது. ஆகவே கேள்வி இரண்டாகிறது. பூட்டைத் தொடங்குபவர் தாமதம் கேட்டாரா? கேட்டிருந்தால், பூட்டு உண்மையில் வரையப்பட்ட பிறகு விடுவித்தாரா, அல்லது பூட்டு நிரலைத் தொடங்கிய கையோடு விடுவித்துவிட்டாரா? ஐ3லாக் என்ற பூட்டு நிரலின் பயனர்களிடம் இந்தச் சிக்கல் அதிகம் தென்படுவதற்குக் காரணம் இதுதான். திரையைப் படம் பிடித்து, மங்கலாக்கி, அதையே பின்னணியாக வைக்கும் ஸ்கிரிப்டுகள் அவர்களிடையே பிரபலம். பெரிய திரையை மங்கலாக்கவே இரண்டு மூன்று நொடி போய்விடும். எக்ஸ்எஸ்எஸ்-லாக் என்ற இடைநிரலிடம் அந்தத் தாமதப் பூட்டைக் கைமாற்றித் தரும் தெரிவைக் கொடுத்து, ஐ3லாக்கைப் பின்னணிக்கு நழுவவிடாமல் ஓட்டினால் இந்த இடைவெளி அடைபடுகிறது. எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்ட் பக்கம் ஸ்வேஐடில் நிரலைக் காத்திருக்கும் தெரிவோடு ஓட்டி, ஸ்வேலாக்கைத் திரை மறைந்த பிறகே பின்னணிக்குப் போகும் தெரிவோடு தொடங்க வேண்டும். இரண்டும் சொல்வது ஒன்றே: தொடங்கிவிட்டேன் என்பதும் பூட்டிவிட்டேன் என்பதும் வெவ்வேறு செய்திகள்.

நேரம் சொல்பவர் தவறுவது இதைவிடச் சாதாரணம், ஆனால் கண்டுபிடிப்பது எளிது. வீடியோ ஓடும்போது திரை அணையக்கூடாது என்பதற்காக உலாவிகளும் பிளேயர்களும் தடை கேட்டு வைக்கின்றன. மறந்துபோன ஒரு தாவலில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தால் கணினி இரவெல்லாம் பூட்டாது. சிஸ்டம்டி-இன்ஹிபிட் கட்டளையில் பட்டியல் கேட்டால் லாகின்டியிடம் தடை வைத்திருப்பவர் பெயரே வந்துவிடும். டெஸ்க்டாப்பிடம் நேரடியாக வைத்த தடைகள் அந்தப் பட்டியலில் வராமல் போகலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தடை ஏதும் இல்லாமலே பூட்டாமல் போவதும் உண்டு. க்னோம் டெஸ்க்டாப்பை அதன் சொந்த நுழைவு மேலாளரான ஜிடிஎம் இல்லாமல் ஓட்டினால் பூட்டு வேலையே செய்யாது, ஏனெனில் கடவுச்சொல் பார்க்கும் பங்கை அது ஜிடிஎம்மிடம் விட்டிருக்கிறது. லாகின்டியிடம் 'அமர்வைப் பூட்டு' என்று கட்டளை இட்டால் அது எதையும் பூட்டுவதில்லை; பூட்டச் சொல்லி ஓர் அறிவிப்பை வெளியிடுகிறது, கேட்க ஆள் இல்லாவிட்டால் அறிவிப்பு காற்றோடு போகும். பூட்டியிருக்கிறதா என்று அதனிடமே கேட்டால் வரும் விடையின் பெயர் 'லாக்ட்ஹின்ட்'. பெயரிலேயே 'குறிப்பு' என்ற எச்சரிக்கை இருக்கிறது. டெஸ்க்டாப் சொன்னதை அது திருப்பிச் சொல்கிறது, அதற்கு மேல் அறியாது.

இனி திறக்காத பூட்டு. சரியான கடவுச்சொல்லைத் தவறு என்று சொல்லும் பூட்டில் பெரும்பாலும் பூட்டின்மேல் பிழை இருப்பதில்லை. பிஏஎம் அடுக்கில் ஃபெயில்லாக் என்ற கூறு இருந்தால், இயல்பான அமைப்பில் 15 நிமிடத்துக்குள் 3 முறை தவறினால் அந்தக் கணக்கை 10 நிமிடம் அடைத்துவிடும். அந்த 10 நிமிடமும் சரியான கடவுச்சொல்லுக்கும் 'தவறு' என்பதே விடை. அடைத்திருக்கிறேன் என்று பல பூட்டுத் திரைகள் சொல்வதில்லை. கறுத்த திரையை எழுப்ப என்டர் விசையை நாலு தடவை தட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஐ3லாக், ஸ்வேலாக் போன்றவை ஒவ்வொரு வெற்று என்டரையும் ஒரு முயற்சியாக பிஏஎம்மிடம் அனுப்பிவிடக்கூடும். கடவுச்சொல்லின் முதல் எழுத்தைத் தட்டும் முன்பே கணக்கு அடைபட்டிருக்கும். வெற்று முயற்சியைப் புறக்கணிக்கும் தெரிவு இரண்டிலும் உண்டு, அதைப் போட்டு வைப்பது நல்லது. அடைபட்ட பின் வேறு முனையத்திலிருந்து ஃபெயில்லாக் கட்டளையால் நிர்வாகி எண்ணிக்கையை அழிக்கலாம். விநியோகத்தின் தொகுப்பிலிருந்து அல்லாமல் தானே தொகுத்தோ வேறு தொகுப்பு மேலாளரிலிருந்தோ நிறுவிய பூட்டு நிரல் எந்தக் கடவுச்சொல்லையும் ஏற்காமல் போவது இன்னொரு வகை: அதற்கான பிஏஎம் அமைப்புக் கோப்பு இல்லை, அல்லது கடவுச்சொல் கோப்பைப் படிக்கும் உரிமை பெற்ற துணை நிரலை அதனால் எட்ட முடியவில்லை. இப்படி நிறுவுபவர்கள் முதல்முறை பூட்டும் முன் இன்னொரு முனையத்தில் நுழைந்து வைத்திருப்பது அவசியம்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கென்றே ஒரு சிக்கலும் இங்கே இருக்கிறது, அதைத் தமிழில் யாரும் போதிய அளவு எழுதவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ்99 அமைப்பை எக்ஸின் கீபோர்டு வரைபடமாக வைத்திருப்பவர், தமிழில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பூட்டு விழுந்தால், அந்த வரைபடம் பூட்டுக்குள்ளும் தொடரக்கூடும். எச் விசை 'க' தரும், ஜே விசை 'ப' தரும். திரையில் தெரிவதோ வெறும் புள்ளிகள். மூன்று முறை இப்படித் தட்டினால் மேலே சொன்ன அடைப்பும் சேர்ந்துகொள்கிறது, பிறகு மொழியை மாற்றினாலும் பயனில்லை. மொழி மாற்றும் விசையை எக்ஸ் வரைபடத்தின் தெரிவாக அமைத்திருந்தால் அது சர்வருக்குள்ளேயே நடப்பதால் பூட்டினுள்ளும் வேலை செய்யும். டெஸ்க்டாப்பின் குறுக்குவிசையாகவோ ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் வழியாகவோ அமைத்திருந்தால், கீபோர்டு பூட்டின் பிடியில் இருப்பதால் அந்த விசை போய்ச் சேராது. எந்த மொழி இயங்குகிறது என்று காட்டும் பூட்டுத் திரையைத் தேர்ந்தெடுப்பது தமிழ்ப் பயனருக்கு அலங்காரமில்லை, தேவை.

கறுத்த திரை தனிக் கதை. லைட்-லாக்கர் என்ற நிரல் பூட்டு வேலையை நுழைவுத் திரையிடம் விட்டு, இன்னொரு மெய்நிகர் முனையத்துக்குத் தாவும். தூங்கி விழித்த காட்சி அட்டை இயக்கி அந்தத் தாவலில் சறுக்கினால் கறுப்புதான் மிஞ்சும். என்விடியா அட்டைகளில் தூக்கத்தின்போது காட்சி நினைவகம் அழிந்து, சிதைந்த பூட்டுத் திரை தெரிவதும் உண்டு. நினைவகத்தைச் சேமிக்கும் இயக்கித் தெரிவும் அதற்கான சிஸ்டம்டி சேவைகளும் இயங்கினால் பெரும்பாலும் சரியாகும். இவற்றில் பூட்டு சரியாகவே இயங்கிக்கொண்டிருக்கலாம், கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. குருட்டுத்தனமாகக் கடவுச்சொல்லைத் தட்டி என்டர் அடித்துப் பார்ப்பது நியாயமான முதல் சோதனை.

இத்தனைக்கும் பிறகு மருந்து எது என்றால், பூட்டின் நிலையைத் திரைக்கு உண்மையான உடையவரிடம் ஒப்படைப்பதுதான். வேலண்டில் திரையை வரைவதும் உள்ளீட்டைப் பகிர்வதும் கம்போசிட்டர் ஒன்றின் கையில்தான். 2022-இல் வேலண்ட் நெறிமுறைத் தொகுப்பில் இடம்பெற்ற அமர்வுப் பூட்டு நெறிமுறை இந்த நிலைமையைச் சரியாகப் பயன்படுத்துகிறது. பூட்டு நிரல் கேட்கிறது. கம்போசிட்டர் எல்லாத் திரைகளிலும் பழைய காட்சியை மறைத்த பிறகே 'பூட்டியாயிற்று' என்று சொல்லலாம். பூட்டு நிரல் முறைப்படி திறக்கச் சொல்லாமல் இறந்துபோனால் அமர்வு பூட்டியே இருக்க வேண்டும். மெனுவின் பிடி குறுக்கே வராது, புதிதாகச் செருகிய மானிட்டரில் டெஸ்க்டாப் எட்டிப் பார்க்காது. ஸ்வே கம்போசிட்டர் 1.8 பதிப்பிலிருந்து இதை ஆதரிக்கிறது. க்னோம் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது: அதன் ஷெல்லே கம்போசிட்டர், பூட்டும் அதற்குள்ளேயே, அது நொறுங்கினால் வேலண்டில் அமர்வே முடிந்துவிடும். கேடிஇ பிளாஸ்மா கடவுச்சொல் கேட்கும் பகுதியைத் தனி நிரலாக வைத்து, அது திரும்பத் திரும்ப நொறுங்கினால், வேறு முனையத்தில் நுழைந்து லாகின்டி வழியாகத் திறக்கும் கட்டளையைத் திரையிலேயே எழுதிக் காட்டுகிறது. மூன்றிலும் எனக்குப் பிளாஸ்மாவின் வழிதான் சிறந்ததாகப் படுகிறது, ஏனென்றால் அது கதவை மூடிவைத்தபடியே வீட்டுக்காரருக்கு வழி சொல்கிறது.

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். கணினியைக் கையில் தொடக்கூடியவன் எதையும் செய்வான், பூட்டு எதற்கு என்பது முதலாவது. வட்டைக் கழற்றிக்கொண்டு போகிறவனைத் தடுப்பது வட்டு மறையாக்கத்தின் வேலை. பூட்டிய கணினியில் மறையாக்கச் சாவி நினைவகத்தில் இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் பூட்டு நிற்பது ஆய்வகம் வைத்திருப்பவனுக்கு எதிராக அல்ல. தேநீர் குடிக்கப் போன இரண்டு நிமிடத்தில் பக்கத்து மேசைக்காரர், விடுதி அறைத் தோழர், வீட்டில் நம்மைக் கண்காணிக்கும் ஒருவர் என்று கருவியும் நேரமும் இல்லாத மனிதர்களுக்கு எதிராகத்தான் அது நிற்கிறது. அந்த மனிதர்கள்தான் நம் வாழ்வில் அதிகம். வீட்டுக்குள் அச்சுறுத்தலில் வாழும் ஒருவருக்கு ஒரு நொடி தெரிந்துவிடும் கடிதம் என்ன செய்யும் என்பதை நிரலாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பூட்டு உடைந்தால் மூடியே இருக்க வேண்டும் என்றால் சேமிக்காத வேலை போய்விடுமே என்பது இரண்டாவது மறுப்பு. இதில் வலு இருக்கிறது. க்னோம் ஷெல் விழும்போது திறந்திருந்த எல்லாம் கூடவே போகிறது, அதைச் சிறிய இழப்பு என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இந்த மறுப்பின் பின்னால் ஒரு சாய்வு ஒளிந்திருக்கிறது. திறக்காத பூட்டு உடனே வலிக்கும். பயனர் கோபத்தோடு புகார் எழுதுவார். மூடாத பூட்டு வலிப்பதில்லை. விழித்த கணினியில் ஒரு நொடி தெரிந்த டெஸ்க்டாப்பையோ, இரவெல்லாம் திறந்து கிடந்த திரையையோ பாதிப்பேர் கவனிப்பதுகூட இல்லை. யாராவது பார்த்திருந்தாலும் பார்த்தவர் சொல்லப்போவதில்லை. புகார்களை மட்டும் வைத்து நிரலைத் திருத்திக்கொண்டே போனால் அது மெல்ல மெல்லத் திறக்கும் பக்கமே சாயும். மின்ட் நிகழ்வில்கூட, பார்த்துக்கொண்டிருந்த ஒரு தந்தை இருந்ததால்தான் செய்தி வெளியே வந்தது. மேலும், பூட்டியே வைப்பதும் வேலையைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. இன்னொரு முனையத்தில் கடவுச்சொல் கொடுத்து நுழைந்தவரே திறக்க முடியும் என்றால் காவலும் குறையவில்லை, வேலையும் போகவில்லை. அந்த நிகழ்வுக்குப் பின் சினமன் பூட்டுக்குத் துணையாக ஒரு காப்புப் பூட்டு நிரல் சேர்க்கப்பட்டது: முதன்மை நிரல் விழுந்தால் அது திரையை மறைத்துக்கொண்டு மீளும் வழியைக் காட்டும். எக்ஸின் எல்லைக்குள் நின்றுகொண்டே சரியான திசையில் வைத்த அடி அது.

வேலண்டுக்கு மாறினால் எல்லாம் தீரும் என்கிறாயா என்பது மூன்றாவது. இல்லை. பிஏஎம் சிக்கல்கள், அடைபட்ட கணக்கு, தமிழ்99 குழப்பம், காட்சி அட்டையின் கறுப்பு ஆகியவை எதுவும் நெறிமுறை மாற்றத்தால் போகாது. தூக்கத்தின் ஓட்டப்பந்தயமும், நேரம் சொல்பவரின் மறதியும் அப்படியே. நான்காவது வேலைக்கு ஆள் கிடைக்கிறது என்பது மட்டுமே மாற்றம். ஆனால் மற்ற மூன்றும் தவறும்போது கதவு எந்தப் பக்கம் சாயும் என்பதை அந்த ஒன்றுதான் தீர்மானிக்கிறது. சினமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் இன்றும் எக்ஸில்தான் இருக்கிறார்கள், அவர்களை உடனே வீடு மாற்றச் சொல்வது நியாயமில்லை.

ஆகவே பழுது பார்க்கும் வரிசையும் பங்குகளின் வரிசையாகவே அமைய வேண்டும். முதலில் விசையை அழுத்திக் கையாலே பூட்டிப் பார்க்க வேண்டும். அது வேலை செய்தால் மறைப்பவரும் கடவுச்சொல் பார்ப்பவரும் நலம், குறை நேரம் சொல்பவரிடம். பிறகு லாகின்டி வழியாகப் பூட்டச் சொல்ல வேண்டும். கையால் பூட்டியது இதில் பூட்டாவிட்டால் அறிவிப்பைக் கேட்க ஆள் இல்லை. பிறகு சும்மா விட்டு, பிறகு தூங்க வைத்துப் பார்க்க வேண்டும். பழைய பூட்டு நிரல் ஏதாவது புதியதோடு சேர்ந்து ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு முறை கடவுச்சொல் கேட்கும் கணினிகளில் அநேகமாக அதுதான் காரணம். ஒவ்வொரு படியிலும் ஜர்னல் பதிவுகளை நேரத்தோடு ஒப்பிட்டால் யார் எப்போது விழுந்தார் என்பது தெரியும். கடைசியாக ஒரு சோதனை உண்டு, நலமாக ஓடும் கணினியிலும் செய்ய வேண்டியது. எல்லாவற்றையும் சேமித்துவிட்டு, திரையைப் பூட்டி, இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியே நுழைந்து, பூட்டு நிரலைக் கொல்ல வேண்டும். ஐ3லாக் என்றால் டெஸ்க்டாப் அதே நொடியில் திறந்து நிற்கும். ஸ்வேயில் ஸ்வேலாக்கைக் கொன்றால் திரை முழுவதும் சிவப்பாகி, புதிய பூட்டு நிரல் ஒன்று வந்து கடவுச்சொல் கேட்கும்வரை அப்படியே நிற்கும்.